தண்டனை எப்போது முடிகிறது?

இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற ஒருவர், விடுதலையாகி ஆறு ஆண்டுகள் கழிந்துவிட்டால் தேர்தலில் நிற்கலாம். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதற்கு வழிவிடுகிறது. பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டவருக்கும் அதே ஆறு ஆண்டுகள்தான். பாஸ்போர்ட் சட்டம் இன்னும் தாராளம். ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டாண்டுச் சிறை பெற்றிருந்தாலும், அந்தத் தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டால் அதைக் காட்டி பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது.

அதே மனிதர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலைக்குப் போனால் என்ன கெடு? எந்தக் கெடுவும் இல்லை. நாட்டை விட்டுப் போக ஐந்து ஆண்டு, நாட்டை ஆள ஆறு ஆண்டு, உழைத்துப் பிழைக்க மட்டும் ஆயுள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். இதை நியாயம் என்று ஏற்க என்னால் முடியவில்லை.

அரசு வேலைக்குத் தேர்வானவர் நிரப்பித் தரும் சரிபார்ப்புப் படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா? உங்கள் மீது வழக்கு நடந்ததா? அபராதம் விதிக்கப்பட்டதா? தண்டிக்கப்பட்டீர்களா? பத்தொன்பது வயதில் ஊர்த் திருவிழாவில் நடந்த அடிதடிக்கும், நாற்பது வயதில் திட்டமிட்டுச் செய்த மோசடிக்கும் அங்கே ஒரே பதில்தான்: ஆம். அதன் பிறகு எப்படி வாழ்ந்தீர்கள் என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. தகவலை மறைத்தால் தகுதியிழப்பு என்ற எச்சரிக்கை மட்டும் மறக்காமல் அச்சாகியிருக்கும். உண்மையை எழுதினால் ‘கேஸ் உள்ள ஆள்’. மறைத்தால் பொய்யர். இரண்டு பக்கமும் கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக் காவல்துறைப் பணி விதிகள் இதற்கும் ஒரு படி மேலே போகின்றன. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருத வேண்டும் என்கிறது அதிலுள்ள விளக்கம். நீதிமன்றம் போகச் சொன்ன மனிதரைக் கோப்பு பிடித்து நிறுத்துகிறது.

தண்டனை பெற்ற அரசியல்வாதிகளுக்கு ஆயுள் தடை கேட்டு உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடக்கிறது. அதில் 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பதில் மனு தாக்கல் செய்தது. தடைக்குக் கால வரம்பு வைத்தால் குற்றத்தைத் தடுக்கும் நோக்கமும் நிறைவேறும், தேவையற்ற கடுமையும் தவிர்க்கப்படும் என்பது அதன் வாதம். அந்த வாதத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஏற்பதால்தான் கேட்கிறேன்: எம்.பி.க்குப் பொருந்தும் நியாயம் வாட்ச்மேனுக்கும் டிரைவருக்கும் ஏன் பொருந்தாது?

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்ற நம்பிக்கைதான் இதன் வேர். ஒருமுறை திருடியவன் கடைசிவரை திருடன்தான் என்பதை யாரும் நிரூபிக்கவில்லை. எல்லோரும் நம்புகிறோம், அவ்வளவுதான். இந்த நம்பிக்கைக்கு ஆங்கிலேய அரசு சட்ட வடிவமே கொடுத்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், குற்றம் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று சொல்லி முழுச் சமூகங்களையும் பதிவேட்டில் ஏற்றியது. அதன் வழிவந்த சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூர் கிராம மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் குண்டுகளுக்குப் பலியானார்கள். அந்தச் சட்டத்தை இன்று வெட்கத்தோடு நினைக்கிறோம். ஆனால் மனிதன் மாறவே மாட்டான் என்ற அதன் அடிப்படை நம்பிக்கையை ஒவ்வொரு படிவத்திலும் காப்பாற்றி வருகிறோம். தலையெழுத்தை நம்ப மறுப்பவர், ஸ்டேஷன் ரைட்டர் எப்போதோ எழுதி வைத்ததை மட்டும் அழியாத விதியாக நம்பலாமா?

நம்பிக்கைக்குப் பதிலாகக் கணக்கைப் பார்ப்போம். நியூயார்க் மாநிலத்தில் 1980இல் முதல்முறை கைதானவர்களின் பதிவுகளை ஆல்ஃபிரட் பிளம்ஸ்டைன், கிமினோரி நகமுரா என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பதினெட்டு வயதில் வழிப்பறிக்காகக் கைதான ஒருவர் ஏறத்தாழ 7.7 ஆண்டுகள் வேறு வழக்கில்லாமல் இருந்துவிட்டால், அவர் மறுபடி கைதாகும் வாய்ப்பு அதே வயதுள்ள பொதுமக்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வீடு புகுந்து திருடியவருக்கு அது 3.8 ஆண்டுகள். அந்தக் காலம் கடந்த பிறகும் பழைய வழக்கைக் காட்டி ஒருவரை ஒதுக்கினால், அதற்குப் பெயர் எச்சரிக்கை அல்ல, வெறுப்பு.

பிரிட்டனில் பழைய தண்டனைக்குக் கெடு வைக்க 1974 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்றைய நிலையில், ஓராண்டு வரையிலான சிறைத்தண்டனை, அது முடிந்து மேலும் ஓராண்டில் காலாவதியாகிறது. ஒன்று முதல் நான்கு ஆண்டு வரையிலான தண்டனைக்கு நான்கு ஆண்டுகள். இடையில் புதிய குற்றம் இருக்கக் கூடாது. அதன் பிறகு சாதாரண வேலைகளுக்குப் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளோடு பழகும் வேலை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. நம்மிடமும் இதன் விதை இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறுவயதில் செய்த குற்றம் பிற்கால வாழ்க்கைக்குத் தடையாகக் கூடாது என்கிறது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்ட பதினாறு வயதைக் கடந்தவர்கள் மட்டும் விதிவிலக்கு. பதினெட்டு வயது முடிந்த மறுநாளே மனிதனுக்குத் திருந்தும் சக்தி போய்விடுகிறதா?

பாதிக்கப்பட்டவரின் வலிக்குக் கெடு உண்டா என்று கேட்பார்கள். இல்லை. அந்த வலி சிலருக்கு ஆயுள் முழுக்கத் தொடரும். அதைச் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதை எடைபோட்டுத் தண்டனை விதிக்கத்தான் நீதிமன்றம் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் மேலாளரிடம் அந்தத் தராசை யாரும் ஒப்படைக்கவில்லை. குழந்தையிடம் அத்துமீறியவரைப் பள்ளிக்குள் விடவே கூடாது. பணத்தைக் கையாடியவரிடம் கல்லாவைக் கொடுக்கத் தயங்குவதும் சரிதான். அங்கே குற்றத்துக்கும் வேலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இருபது ஆண்டுக்கு முந்தைய அடிதடிக்கும் இன்று லாரி ஓட்டுவதற்கும் என்ன தொடர்பு?

பெரியவர்களுக்கும் ஒரு சட்டம் வேண்டும். தண்டனையின் அளவுக்கேற்ற கெடு, அதற்குள் புதிய குற்றம் இல்லை என்ற நிபந்தனை, வேலையோடு நேரடித் தொடர்புள்ள குற்றங்களுக்கு விலக்கு, மிகக் கொடிய குற்றங்களை நீதிமன்றமே தனித்தனியாக முடிவு செய்யும் ஏற்பாடு. இவ்வளவு போதும். சட்டம் வரும்வரை, ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: அது எந்த ஆண்டு நடந்தது? அதற்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம்? அதன் பிறகு இவர் எப்படி வாழ்ந்தார்? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்த பிறகும் ‘வேண்டாம்’ என்று சொல்பவர், நீதிபதி விதிக்காத தண்டனையைத் தாமே விதிக்கிறார்.