சாட்சியமும் தீர்ப்பும்: சிறு விளையாட்டாக்கங்கள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஓர் ஆக்கத்தை நுகர்வோன் அதனை ஆக்கியோனுக்கு எதனைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளான் என்பது பழைய வினா. நூல், நாடகம், ஓவியம் ஆகியன தொடர்பாக அது பலகாலும் எழுப்பப்பட்டுள்ளது. பெருநிறுவனங்களின் துணையின்றி ஒருவரோ சிலரோ உருவாக்கும் கணினி விளையாட்டுக்களைப் பொறுத்தவரை அவ்வினா புதியதொரு கூர்மை பெறுகின்றது. 2016 இல் வெளிவந்த 'ஸ்டார்டியூ வேலி'யின் நிரலையும் ஓவியத்தையும் இசையையும் எரிக் பரோன் என்னும் ஒருவரே நான்கு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து ஆக்கினார். இத்தகைய ஆக்கம் பற்றிக் கூறப்படும் ஒவ்வொரு சொல்லும் நேரே ஒரு மனிதனைச் சென்றடைகின்றது.

முதற்கண், விளையாடுவோனிடம் இருப்பது யாது என்பதை நோக்குவோம். தன் விளையாட்டின் ஒவ்வொரு கதவும் எங்கே திறக்கும் என்பதை ஆக்கியோன் அறிவான்; அறியாதவனாக அதனுள் நுழைதல் அவனுக்கு இனி இயலாது. அந்த அறியாமை முதன்முறை விளையாடுவோனிடம் மட்டுமே உண்டு; அதுவும் ஒருமுறையே உண்டு. மறுமுறை அவனும் அறிந்தவனாகிவிடுகின்றான். எனவே அவனது முதல் அனுபவம், ஆக்கியோன் தானாகப் பெறமுடியாத ஓர் அறிவாகும். கருத்துக் கேட்கும் ஒருவனுக்கு அவ்வறிவை உள்ளவாறு உரைத்தல் என்னும் கடமை இதிலிருந்தே பிறக்கின்றது.

இக்கடமையினின்று வழுவும் வழிகள் இரண்டு. ஒன்று வெறும் பாராட்டு. மனம் நோகக்கூடாதென்று 'நன்றாக உள்ளது' எனக் கூறி அமைதல் கருணைபோலத் தோன்றும். ஆயின் திருத்துவதற்குக் காலம் இருக்கையிற் குறையைச் சொல்லாது விடுபவன், காலம் கடந்தபின் விலைகொடுத்து வாங்கியோரின் வாயிலிருந்து அதனைக் கேட்கும் நிலைக்கு ஆக்கியோனைத் தள்ளிவிடுகின்றான். இடித்துரைத்தலை நட்பின் கடமையாக வள்ளுவர் கொண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

மற்றையது கட்டளை. 'எதிரியின் வலுவைக் குறையுங்கள்' என்பான் ஒருவன். 'மூன்றாவது அறையிற் பத்துமுறை வீழ்ந்தேன். எதனால் வீழ்ந்தேன் என்பது விளங்கவில்லை' என்பான் இன்னொருவன். முன்னையது தீர்ப்பு, பின்னையது சாட்சியம். சாட்சியத்தைக் கேட்கும் ஆக்கியோன், தாக்குதல் வருவதைக் காட்சி முன்கூட்டி உணர்த்தவில்லை என்பதே உண்மையான குறை எனக் கண்டுகொள்ளக்கூடும். எதிரியின் வலுவில் அவன் கைவைக்கவே தேவையிராது. கட்டளையிடுவோன் தனக்கேயுரிய சாட்சியத்தை விழுங்கிவிட்டு, ஆக்கியோன் தன்னினும் நன்கறிந்த துறையில் தீர்ப்பு வழங்க முற்படுகின்றான்.

கனடாவின் வன்கூவர் நகரைச் சேர்ந்த ரெட் ஹூக் ஸ்டூடியோஸ் என்னும் சிறு குழுவினர் ஆக்கிய 'டார்க்கெஸ்ட் டன்ஜன்' இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 2015 பெப்ரவரியில் அது முற்றுப்பெறாத நிலையிலேயே விற்பனைக்கு விடப்பட்டது. விளையாடுவோரின் கருத்தை அறிந்து ஆக்கத்தை நிறைவுசெய்தல் அவ்விற்பனை முறையின் நோக்கங்களுள் ஒன்று. நால்வர் வரிசையாக நின்று எதிர்வரிசையுடன் பொருதும் விளையாட்டு அது. முன்னின்ற எதிரி இறந்தால் பின்னின்றோர் தாமே முன்னுக்கு நகர்ந்தனர். இதனால் யாரை எவ்விடத்தில் நிறுத்துவது என்னும் சிந்தனை வலுவிழந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில், இறந்த எதிரியின் பிணம் அதேயிடத்திற் கிடந்து வரிசையை அடைத்துக்கொள்ளும் புதிய விதியை ஆக்கியோர் புகுத்தினர். கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆக்கியோர் அவ்விதியைக் கைவிடவில்லை. வேண்டாதோர் அதனை நிறுத்திவைக்க வழிசெய்தனர். 2016 ஜனவரியில் முழுமையாக வெளிவந்தபோதும் அது நிலைத்திருந்தது. போர் நீண்டு சலிப்பூட்டுகின்றது என்பது யாராலும் மறுக்கவியலாத சாட்சியம்; ஏனெனில் சலிப்புற்றவனே அதற்குச் சாட்சி. விதியை ஒழிக்கவேண்டும் என்பதோ, அவ்விளையாட்டு எதன்பொருட்டு உள்ளது என்பது பற்றிய தீர்ப்பு. ஒன்றுக்குச் செவிசாய்த்து மற்றொன்றை மறுத்தல் முரண்பாடாகாது.

பணம் கொடுத்தவனுக்குக் கட்டளையிடும் உரிமை இல்லையா என்று ஒருவர் வினவலாம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. தான் வாங்கிய பொருள் தன் கண்முன்னே மாறிவிட்டது என்போனின் மனக்குறை நியாயமானதே. எனினும் விலை கொடுத்தமையால் அவன் பெறுவது, வாக்களித்ததைத் தருமாறு கேட்கும் உரிமையாகும். ஆக்கத்தின் நோக்கத்தை வரையறுக்கும் உரிமை அவ்விலையில் அடங்காது. அடங்குமாயின், வாங்கிய ஆயிரம் பேரும் ஆயிரம் நோக்கங்களை வகுப்பர். ஆக்கமோ எவருடையதும் அல்லாததாய் முடியும். ஏளனமும் வசையும் இங்கு வாதமாகவே கொள்ளப்படா. அவை ஆக்கத்தைப் பற்றி எதனையும் அறிவிப்பதில்லை.

கடமை ஒருபக்கத்துக்கு மட்டும் உரியதன்று. சாட்சியத்தைக் கேட்டவுடன் 'நீர் விளையாடிய முறை பிழை' என்று விளக்கமளிக்க விரையும் ஆக்கியோன், தான் கேட்டுப்பெற்றதைத் தானே வீசியெறிகின்றான். தன் ஆக்கத்துக்குள் இடறியவன் எங்கு இடறினான் என்பதை அவன் அமைதியாகக் கேட்டல் வேண்டும். சிறு ஆக்கங்களின் உலகிற் கருத்துரைப்போர் தொகை பெரும்பாலும் சிறியது. அச்சிலருள் ஒருவராக இருப்போர் தம் ஒரு சொல்லால் ஓர் ஆக்கத்தின் போக்கையே மாற்றிவிடக்கூடும். அதனால், தமக்கு நேர்ந்ததனைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லும் பொறுப்பு அவர்களுக்குக் கூடுதலாக உண்டு.