‘ஹாதிக்’ என்பவர் யார்?

ஷஃபான் பிறை தென்பட்டுவிட்டால் பள்ளிவாசல் திண்ணையில் நம்மைத் தேடி வரும் கேள்வி ஒன்று உண்டு. “ஹஜ்ரத், எனக்குச் சர்க்கரை இருக்கு. நோன்பு பிடிக்கலாமா?”

நாம் ஓதிய கிதாபுகளில் இதற்கு விடை தெளிவாகவே இருக்கிறது. நோன்பினால் நோய் முற்றும், அல்லது குணமாவது தள்ளிப்போகும் என்ற அச்சம் வலுவாக இருந்தால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம். ஆனால் அந்த அச்சம் வெறும் மனப்பிரமையாக இருக்கக் கூடாது. நோயின் அடையாளத்தாலோ, முன் அனுபவத்தாலோ, தேர்ந்த மருத்துவர் ஒருவரின் சொல்லாலோ அது உறுதிப்பட வேண்டும். அந்த மருத்துவரை ஹனபி மத்ஹபின் சட்ட நூல்கள் ‘ஹாதிக்’ என்ற சொல்லால் குறிக்கின்றன. தன் கலையில் கைதேர்ந்தவர் என்பது பொருள். (அவர் முஸ்லிமாக இருக்க வேண்டுமா என்பது பற்றி உலமாக்களிடையே தனியே பேச்சு உண்டு. இங்கே அதற்குள் போகவில்லை.)

ஆகவே, “டாக்டரைக் கேளுங்கள், அவர் சரியென்றால் பிடியுங்கள்” என்று சொல்லிவிட்டு நமது பொறுப்பு தீர்ந்ததென்று இருந்தோம். தர்மபுரி மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் நாம் இமாமாக இருந்தபோது, ஒரு ரமளானின் ஒன்பதாம் நாள் அந்த நிம்மதி போயிற்று.

நமது மஹல்லாவில் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். தினமும் காலையில் ஒரு சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர். மருத்துவரிடம் கேட்டார். “காலை மாத்திரையை ஸஹரில் போட்டுக்கொள்ளுங்கள், நோன்பு பிடிக்கலாம்” என்றார் மருத்துவர். பெரியவர் அதை நம்மிடம் வந்து சொன்னார். நாமும் தலையாட்டினோம். அன்று அஸருக்கு ஒளுச் செய்ய வந்தவர் ஹவுலின் படியில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிச் சரிந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், விழித்தார். இரவில் மீண்டும் மயங்கினார். அந்த மாத்திரை உடலில் நெடுநேரம் நின்று வேலை செய்யும் வகையாம். மூன்று நாள் கழித்து, அல்ஹம்துலில்லாஹ், வீடு திரும்பினார். அவருடைய மகன் நம்மிடம் கோபப்படவில்லை. “நீங்களும் சரின்னு சொன்னதாலதான் ஹஜ்ரத் அத்தா தைரியமா பிடிச்சாங்க” என்று மட்டும் சொன்னார்.

அந்த மாத்திரையின் பெயர் கிளிபென்கிளமைடு. வயிறு காலியாக இருந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும் இனம் அது. ஒருவேளை மட்டும் சாப்பிடுபவர் நோன்பில் அதை இப்தாருக்கு மாற்ற வேண்டும். முதியவர்களுக்கானால் ஆபத்துக் குறைந்த வேறு மருந்தாகவே மாற்றுவது நல்லது என்று இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. இவை இரகசியமும் அல்ல. முஸ்லிம்கள் மிகுந்த 13 நாடுகளில் 12,000க்கும் அதிகமான சர்க்கரை நோயாளிகளைக் கேட்டறிந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. சாதாரணமாக நடுத்தர வயதுக்குப் பின் வரும் இரண்டாம் வகை நோய் உள்ளவர்களுக்கு, சர்க்கரை ஆபத்தான அளவு இறங்கிப்போவது ரமளானில் ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று அது காட்டியது. சர்வதேச நீரிழிவு சம்மேளனமும் ரமளான் நீரிழிவு பற்றிய கூட்டமைப்பும் சேர்ந்து 2016-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டு, 2021-இல் அதைப் புதுப்பித்தன. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும். நோன்பின் நடுவே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாம். 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கின்றன.

நமது மருத்துவர் எம்.டி. பட்டம் பெற்றது இவை எதுவும் வெளிவராத காலத்தில். அவரைப் போய்ப் பார்த்தோம். ஊருக்கு முப்பது வருடமாக உழைத்தவர், ஏழையிடம் காசு கேட்காதவர். நாம் சொன்னதை மறுக்கவில்லை. நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, “நான் படிச்சப்ப இதெல்லாம் இல்ல ஹஜ்ரத். ஒரு நாளைக்கு நூறு பேர் பாக்கறேன். எப்ப படிக்கறது?” என்றார். பிறகு சற்றும் குத்தலில்லாமல் கேட்டார்: “நீங்க மதரஸாவை விட்டு வந்து எத்தனை வருஷம்? புதுசா எத்தனை கிதாபு பார்த்தீங்க?”

நம்மிடம் பதில் இல்லை. சர்க்கரை நோயாளியின் நோன்பு பற்றி இக்கால உலமாக்கள் எழுதியதில் ஒரு பக்கத்தையும் நாம் அதுவரை புரட்டியதில்லை.

வாசகர்களே! நமது கேள்வி இதுதான். ஒருவர் ‘ஹாதிக்’ என்பதை எது நிரூபிக்கிறது? சுவரில் தொங்கும் பட்டம் என்றால், பட்டம் சொல்வது இவ்வளவே: இன்ன வருடத்தில், அன்றைக்கு அறியப்பட்டிருந்ததை இவர் அறிந்திருந்தார். நமது சனதும் அப்படித்தான். கைதேர்ச்சியோ இன்று இருக்கிறதா என்று இன்றுதான் கேட்க வேண்டிய பொருள்.

மருத்துவம் அறிந்தவரென்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், அதனால் நேரும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் அபூதாவூதிலும் நஸாயீயிலும் இப்னு மாஜாவிலும் வந்துள்ளது. போலி வைத்தியரைப் பற்றியது என்றே நாம் ஓதியும் ஓதிக்கொடுத்தும் வந்தோம். உண்மையான மருத்துவர், ஆனால் அவருடைய அறிவு ஒரு விஷயத்தில் இருபது வருடம் பின்தங்கிவிட்டது என்றால், அந்த விஷயத்தில் மட்டும் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார்? சட்டப்படி அவரைப் போலியோடு சேர்க்க முடியாது. மனச்சாட்சி அப்படி எளிதில் விடுமா என்பதுதான் நமக்கு எழும் சந்தேகம்.

பக்தாதில் நடந்த ஒரு சம்பவத்தை மருத்துவர்களின் சரித்திரம் எழுதியவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 319-இல், அதாவது 931-இல், ஒரு வைத்தியரின் தவறால் ஒருவர் இறந்துபோனார். கலீபா முக்ததிர், தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் சோதித்துத் தேர்ந்தெடுத்தவர் தவிர வேறெவரும் வைத்தியம் செய்யக் கூடாதென்று உத்தரவிட்டார். எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர். அவர்களில் மதிப்பான தோற்றமுடைய முதியவர் ஒருவர். தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது, குடும்பம் இந்தத் தொழிலை நம்பி இருக்கிறது, பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சினார். ஸினான் சிரித்துவிட்டு, தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது, இரத்தம் எடுக்கவோ கடும் பேதி கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனையில் அனுமதித்தார். வாழ்நாள் முழுதும் தாம் சர்பத்துகளைத் தாண்டியதில்லை என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் படித்தீரென்று கேட்டால், நேற்று வந்தவரிடம், அவர் என் தகப்பனார் என்றார். அவருக்கும் அதே நிபந்தனை.

மாணவப் பருவத்தில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். இப்போது அந்த முதியவர் மீது மரியாதை வருகிறது. தமக்குத் தெரியாதது எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவருடைய சாக்கை இன்றைய மருத்துவர் சொல்ல முடியாது. அவர் கையில் இருந்தது சர்பத், இவர் கையில் இருப்பது கிளிபென்கிளமைடு. வலிய மருந்தை எடுத்தவர் அதைப் பற்றிய அறிவும் தன்னோடு வளர்ந்து வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

நமது நாட்டில் இதற்கு ஒரு விதி இல்லாமலில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி ஒரு மருத்துவர் ஐந்து வருடத்தில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களில் பங்குகொள்ள வேண்டும். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டு அதே மாதத்தில் நிறுத்தி வைத்துவிட்டதால் பழைய விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. கணக்குப் போட்டால் மாதத்துக்கு அரை மணி நேரம். ஒரு ஜும்ஆ பிரசங்கத்தின் அளவு! அந்த அரை மணியிலும் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் வாங்கி, விருந்து உண்டு திரும்புகிறவர்கள் இருப்பதாக மருத்துவர்களே சொல்லக் கேட்கிறோம்.

விருந்துக்குப் பணம் யார் தருவது என்பதும் சின்ன விஷயமல்ல. மருந்துக் கம்பெனியிடம் பரிசும் பயணச் செலவும் பெறக் கூடாதென்று 2009-இல் விதி வந்தது. அப்படிக் கொடுத்ததைக் கம்பெனிகள் வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாதென்று 2022-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கு விற்பவனே தராசுக்கு முத்திரை குத்தினால் நாம் அந்தக் கடையில் அரிசி வாங்குவோமா?

புதிதாக வந்ததைப் படிப்பது மட்டுமே தொடர்கல்வி என்று எண்ணுவதும் தவறு. இந்த மாவட்டத்தின் கிணற்றுத் தண்ணீரையே பாருங்கள். பல ஊர்களில் புளூரைடு மிகுதி. பல்லில் பழுப்புக் கறை, நாற்பது வயதிலேயே முதுகும் கழுத்தும் விறைத்துப் போதல், இவையெல்லாம் அதன் வேலை. எலும்பைப் பிடிக்கும் இந்த நோயை அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் கண்டு 1937-லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்ததும் இதனால்தான். என்றாலும் வெளியூரிலிருந்து வரும் ஒரு மருத்துவர் இதை மூட்டுவாதமென்று எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்தால், போகாத வலிக்காகச் சிறுநீரகமும் கெடும். அவர் படிக்க வேண்டியது லண்டனில் நேற்று வெளிவந்ததை அல்ல. நோயாளி எந்த ஊரில், எந்தத் தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்கப் பழகுவதை.

சிற்றூரில் இருப்பதனால் படிக்க முடியாது என்ற சொல்லையும் முழுதாக ஏற்பதற்கில்லை. மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிறிய ஊரில் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்ற மருத்துவர், செந்தேள் கடித்து இறப்பவர்களை உடனிருந்து கவனித்துக் குறிப்பெடுத்து, இரத்த அழுத்தத்துக்கான பிராசோசின் என்ற மாத்திரை அவர்களுக்கு உதவுவதைக் கண்டு 1986-இல் லான்செட் இதழில் எழுதினார். எல்லாரும் பாவஸ்கர் ஆக முடியாதுதான். குறிப்பெடுக்க எவராலும் முடியும்.

இவ்வளவும் மருத்துவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது நியாயமாகாது. மருத்துவம் கற்பது பர்ளு கிபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் சொல்கிறார்கள். ஊரில் எவரும் அதைச் செய்யாவிட்டால் குற்றம் ஊர் முழுவதையும் சேரும். ஊர் மருத்துவர் படிக்காமல் போனால் அந்தக் கடமை நிறைவேறியதாகுமா? அவர் படிக்க நாம் விட்டோமா? “டாக்டர் சேலம் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், நாளை வருவார்” என்று எழுதித் தொங்கவிட்ட பலகையின் முன்னால் நின்று நமது ஜமாஅத்தார் பேசிய பேச்சை நாமே காதால் கேட்டிருக்கிறோம். “முப்பது வருஷ டாக்டருக்கு இன்னும் என்ன பாடம்?” ஊசி போடாமல் பத்து நிமிடம் விசாரித்து அனுப்பினால் ‘கைராசி இல்லாதவர்’ என்று பெயர் கட்டுவதும் நாம்தான். நூறு பேரை ஒரே நாளில் அவர் முன்னே கொண்டுபோய் நிறுத்துவதும் நாம்தான்.

அதற்கடுத்த வருடம் றஜபு மாதத்தில், இஷாவுக்குப் பிறகு அந்த மருத்துவர் பள்ளிவாசல் அலுவலக அறைக்கு வந்தார். கையில் அச்செடுத்த வழிகாட்டி. அவர் ஒவ்வொரு பத்தியாகப் படித்துச் சொல்ல, நாம் மஸ்அலாக்களை அதன் பக்கத்தில் எழுதினோம். ஹவுலின் படியில் விழுந்த பெரியவரும் வந்து உட்கார்ந்திருந்தார். வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு பெண்மணியின் நோன்பு பற்றி முத்தவல்லி கேட்டார். மருத்துவர், “அதை சேலத்துல சிறுநீரக டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார். டயாலிசிஸ் செய்யும்போது நோன்பு முறியுமா என்பதை வேலூரில் நமது உஸ்தாதிடம் கேட்டு வருவதாக நாம் சொன்னோம். இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டோம்.