முதல் குற்றம் சாட்சி ஆகுமா?

விளையாட்டில் ஏமாற்றிப் பிடிபட்டவருக்கு இரண்டு தண்டனைகள். ஒன்று விதிப்புத்தகம் தருவது. இத்தனை ஆண்டுத் தடை, இந்தப் பதக்கம் பறிப்பு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு முடிவுத் தேதி உண்டு. மற்றது ஊரார் தருவது. அதற்குத் தேதி கிடையாது. அதன்பிறகு அவர் எதைச் சொன்னாலும், “இவர்தானே, சொல்லத்தான் செய்வார்” என்று கேட்பவர்கள் நகர்ந்துவிடுவார்கள். ஊரார் சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் எந்த எல்லையில் நிற்கவேண்டும்? ஒருமுறை பொய் சொன்னவர் மீது மறுபடியும் குற்றச்சாட்டு வரும்போது, பழைய பொய் புதிய குற்றத்துக்குச் சாட்சி ஆகுமா? இத்தாலியின் வேகநடை வீரர் அலெக்ஸ் ஷ்வாட்சரின் வழக்கில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவே முடியாது.

ஷ்வாட்சர் ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய தென் டிரோல் மலைப்பகுதிக்காரர். 2005, 2007 உலக சாம்பியன்ஷிப்களில் 50 கிலோமீட்டர் நடையில் வெண்கலம் வாங்கியவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதே தூரத்தை 3 மணி 37 நிமிடம் 9 விநாடியில் கடந்து, ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றபோது அவருக்கு வயது 23. நான்கு ஆண்டு கழித்து, லண்டன் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோதே, தன் போட்டிக்கு இறங்குமுன் சிக்கினார். 2012 ஜூலை 30 அன்று எடுத்த மாதிரியில் ஈபிஓ இருந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கி, தசைக்குப் போகும் ஆக்சிஜனைக் கூட்டும் மருந்து அது. மூன்றரை மணி நேரம் விடாமல் நடக்கிறவருக்கு அதனால் என்ன லாபம் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 8 அன்று போல்ட்சானோ நகரில் பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தனியாகத் துருக்கிக்குப் போய் 1,500 யூரோ கொடுத்து மருந்தை வாங்கியதாகச் சொன்னார். யார் தலையிலும் பழி போடவில்லை. ஆனால் இப்படிப்பட்ட தவறுகள் செய்தவரோடு நிற்பதில்லை. அந்த ஜூலை 30 அன்று பரிசோதனை அதிகாரி முதலில் அவரைத் தேடிப்போனது ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃப் ஊரில் அவருடைய அன்றைய காதலி, பனிச்சறுக்கு நடன வீராங்கனை கரோலினா கோஸ்ட்னரின் வீட்டுக்கு. உள்ளே இருந்த ஷ்வாட்சர், தான் இல்லை என்று சொல்லச் சொன்னார். கோஸ்ட்னரும் வாசலில் நின்று அப்படியே சொன்னார். அந்த ஒரு பொய்க்காகக் கோஸ்ட்னருக்கு 2015 தொடக்கத்தில் 16 மாதத் தடை. மேல்முறையீட்டில் அது 21 மாதமானது. அவர் எந்த மருந்தையும் தொட்டவரில்லை.

இழந்தவர்கள் இன்னொரு பக்கமும் உண்டு. பெய்ஜிங்கில் ஷ்வாட்சருக்குப் பின்னால் வெள்ளி வாங்கியவர் ஆஸ்திரேலியாவின் ஜாரெட் டாலன்ட். லண்டனில் டாலன்ட் மறுபடியும் இரண்டாவது. அங்கே முதலில் வந்த ரஷ்யர் செர்கெய் கிர்தியாப்கின் பிறகு ஊக்கமருந்து வழக்கில் பதக்கத்தை இழந்தார். சாரான்ஸ்க் நகரில் விக்டர் செகின் நடத்திய பயிற்சி மையத்திலிருந்து வந்த இருபதுக்கும் மேற்பட்ட நடைவீரர்கள் இப்படித் தடைக்கு ஆளாகி, செகினுக்கே 2016இல் ஆயுள் தடை விழுந்தது. டாலன்டின் தங்கம் 2016 ஜூனில், நான்கு ஆண்டு தாமதமாக, மெல்பர்னில் ஒரு பழைய அரசுக் கட்டடத்தின் படிக்கட்டில் வைத்துக் கழுத்தில் ஏறியது. வென்ற அன்று, வென்ற இடத்தில், தன் நாட்டுக் கீதம் ஒலிக்க நிற்கும் அந்தச் சில நிமிடங்களை எந்தத் தீர்ப்பாயத்தாலும் திருப்பித் தர முடியாது. ஊக்கமருந்து விதிகள் ஏன் ஈவிரக்கமில்லாமல் இருக்கின்றன என்று கேட்கிறவர்கள் முதலில் டாலன்டின் இடத்தில் நின்று பார்க்கவேண்டும்.

ஷ்வாட்சரின் முதல் தடை மூன்றரை ஆண்டு. பிறகு மேலும் மூன்று மாதம் கூடியது. அந்தக் காலத்தில் அவர் தேடிப்போன பயிற்சியாளர்தான் இந்தக் கதையைச் சிக்கலாக்குகிறார். சாண்ட்ரோ டொனாட்டி, இத்தாலிய விளையாட்டின் ஊக்கமருந்துப் பழக்கத்தை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் போராடி, அதிகாரத்தில் இருந்தவர்களின் பகையைச் சம்பாதித்தவர். ஏமாற்றியவர் ஏமாற்றுக்காரர்களின் எதிரியிடமே போய் நின்றார். அதை மனமாற்றம் என்றவர்களும் உண்டு, நல்ல மறைப்பு என்றவர்களும் உண்டு. உயரம் தாண்டும் வீரர் ஜியான்மார்க்கோ டம்பேரி, இவர் திரும்பி வருவதே இத்தாலிக்கு அவமானம் என்று வெளிப்படையாக எழுதினார். தடை முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், 2016 மே 8 அன்று ரோமில் நடந்த உலக அணி சாம்பியன்ஷிப்பில் ஷ்வாட்சர் 50 கிலோமீட்டரை முதலாவதாக முடித்தார். இரண்டாவதாக வந்தவர், மறுபடியும் டாலன்ட்.

ஜூன் 21 அன்று இரண்டாவது செய்தி வெளியானது. புத்தாண்டு நாளான 2016 ஜனவரி 1 அன்று ஷ்வாட்சரின் ஊரான ராச்சினெஸில் எடுத்த சிறுநீர், கொலோன் ஆய்வகத்தின் முதல் சோதனையில் தேறியிருந்தது. சில மாதம் கழித்து, அவருடைய சோதனை முடிவுகளைத் தொடர்ந்து பதியும் ‘உயிரியல் கடவுச்சீட்டில்’ தெரிந்த ஏற்ற இறக்கத்தை வைத்து நுட்பமான சோதனை செய்தபோது செயற்கை டெஸ்டோஸ்டிரோன் இருப்பதாக முடிவு வந்தது. இந்த முறை அவர் அழவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. நான் எடுக்கவில்லை, யாரோ கலந்திருக்கிறார்கள் என்றார். ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்க, சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் அங்கேயே வழக்கைக் கேட்டு எட்டு ஆண்டுத் தடை விதித்தது. ரோம் வெற்றி ரத்தாகி, தங்கம் டாலன்டுக்குப் போனது. அப்போது 31 வயதில் இருந்தவருக்கு 2024 ஜூலை வரை களம் மூடப்பட்டது.

கதை அதோடு முடிந்திருந்தால் எழுத ஒன்றும் இல்லை. ஆனால் இத்தாலியில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊக்கமருந்து எடுப்பது குற்றம் என்பதால், போல்ட்சானோ குற்றவியல் நீதிமன்றமும் அதே குப்பிகளை விசாரித்தது. கொலோனிலிருந்து மாதிரியைப் பெறுவதே இழுபறியாக இருந்தது. கிடைத்தபின் நீதிமன்ற நிபுணர் ஆராய்ந்தபோது, ஒரே நேரத்தில் ஒரே சிறுநீரைப் பிரித்து ஊற்றிய ‘ஏ’, ‘பி’ குப்பிகளில் டிஎன்ஏ அடர்த்தி இயல்புக்கு மாறாகவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமலும் இருந்தது. 2021 பிப்ரவரி 18 அன்று நீதிபதி வால்ட்டர் பெலினோ, ஷ்வாட்சர் இக்குற்றத்தைச் செய்யவில்லை என்று வழக்கை முடித்தார். மாதிரி கெட்ட நோக்கத்தோடு மாற்றப்பட்டிருப்பது மிகவும் நம்பத்தக்கது என்றும், சர்வதேசத் தடகள அமைப்பும் ‘வாடா’ எனப்படும் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பும் வெளியார் சோதனைக்கு இடம் கொடாமல் நடந்துகொண்டன என்றும் கடுமையாக எழுதினார். ‘வாடா’ அதைக் கொதிப்போடு மறுத்தது. டிஎன்ஏ அடர்த்தியை வைத்து அப்படிச் சொல்ல அறிவியல் அடிப்படை இல்லை என்றது. அதே ஆண்டு, விளையாட்டுத் தீர்ப்பாயத்தின் முடிவுகள் மீது முறையிடக்கூடிய சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் தடையை நிறுத்திவைக்க மறுத்தது. ஒரு மன்றத்தில் குற்றமற்றவர், மற்றதில் இரண்டு முறை குற்றவாளி.

இரண்டு மன்றங்களும் வேறுவேறு தராசு வைத்திருக்கின்றன என்பது உண்மை. குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்புக்கு. ஊக்கமருந்து விதியில், உடம்பில் பொருள் இருந்தாலே குற்றம். எப்படி வந்தது என்று விளக்கவேண்டியவர் வீரர். ஆய்வகம் சரியாகவே வேலை செய்தது என்பதுதான் தொடக்க அனுமானம். முதல் பார்வையில் அநியாயமாகத் தெரியும் இந்த ஏற்பாட்டுக்கு வலுவான காரணம் உண்டு. மருந்து எடுப்பவர் சாட்சி வைத்துக்கொண்டு எடுப்பதில்லை. அவர் மனதில் இருந்ததை அமைப்பு நிரூபிக்கவேண்டும் என்றால் ஒரு வழக்கும் நிற்காது. டாலன்டுகள் என்றென்றும் இரண்டாவதாகவே வருவார்கள். அதனால்தான் நேர்மையான வீரர்களும் இந்தச் சுமையை ஏற்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார்கள். புத்தாண்டு அன்று கதவைத் தட்டினாலும் திறக்கிறார்கள்.

ஆனால் இந்த ஒப்பந்தம் ஒருவழிப் பாதையாக இருக்க முடியாது. குப்பி மூடப்பட்ட நொடியிலிருந்து அது வீரரின் கையில் இல்லை. யார் எடுத்துப் போனார்கள், இரவு எங்கே வைத்தார்கள், யாரிடம் சாவி இருந்தது என்று அவரால் பார்க்க முடியாது. குற்றம் சாட்டுகிற தரப்பே சான்றுப் பொருளையும் காவல் காக்கிறது. பெயர் தெரியாதபடி எண்ணோடு மட்டும் போகவேண்டிய மாதிரியின் ஆவணத்தில் ராச்சினெஸ் என்ற சிற்றூரின் பெயர் இருந்ததை ஷ்வாட்சர் தரப்பு சுட்டிக்காட்டியது. அந்த ஊர்ப்பெயரைப் பார்த்தால் ஆள் யார் என்று ஊகிப்பது கடினமில்லை. உடம்பில் இருந்தாலே நீ பொறுப்பு என்று வீரரிடம் சொல்கிற அமைப்பு, காவலில் குறை இருந்தாலே நான் பொறுப்பு என்று சொல்லத் தயாராக இருக்கவேண்டும். கேட்ட அன்றே மாதிரியைத் திறந்து காட்டவேண்டும். தன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று நம்புகிற அமைப்புக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

வேகநடையின் சொந்த விதிகளே இதற்கு நல்ல பாடம். நடப்பவரின் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கவேண்டும். முன்வைத்த கால் தரையைத் தொட்டதிலிருந்து உடல் அதற்கு நேர்மேலே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. இதை நடுவர்கள் வெறுங்கண்ணால் பார்த்தே முடிவு செய்கிறார்கள். கண் தவறும் என்பது தெரிந்ததால்தான் பொதுவாக ஒரு நடுவர் தனியாக ஒருவரை வெளியேற்ற முடியாது. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறார்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு நடுவர்களின் சிவப்பு அட்டை வேண்டும். சர்வதேசப் போட்டியில் ஒரே நாட்டைச் சேர்ந்த இருவரின் அட்டையைச் சேர்த்து எண்ணுவதில்லை. ஒரே ஒரு போட்டியிலிருந்து ஒருவரை வெளியே அனுப்ப இத்தனை கவனம் காட்டும் விளையாட்டு, எட்டு ஆண்டு வெளியே அனுப்பும்போது அதைவிடக் குறைந்த கவனம் காட்டுவது பொருந்தாது.

இனி முதல் கேள்விக்கு. பழைய குற்றத்துக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. அது தண்டனையின் அளவு. இரண்டாம் முறை நிரூபணமானால் தடை இரட்டிப்பாவது சரியே. முதல் பாடத்தைக் கேட்காதவருக்கு இரண்டாம் பாடம் கடுமையாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் நிரூபணம் என்ற படியில் பழைய குற்றத்துக்கு வேலை இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி. நேற்றைய பானையில் எடுத்த சோற்றை வைத்து இன்றைய பானை வெந்ததா என்று யாரும் சொல்வதில்லை. விதிப்புத்தகமும் எழுத்தளவில் இந்த வேறுபாட்டை மதிக்கவே செய்கிறது. மதிக்காதது பொதுமனம். 2016 ஜூனில் செய்தி வந்த அன்றே பெரும்பாலோருக்குத் தீர்ப்பு முடிந்துவிட்டது. ‘மறுபடியும்’ என்ற ஒரே சொல் போதுமானதாக இருந்தது.

இந்தப் பொதுமனத்தில் அறக்குறை மட்டுமல்ல, ஓர் ஆபத்தும் இருக்கிறது. யாரையாவது சிக்கவைக்க நினைப்பவர் தேர்ந்தெடுக்கும் ஆள் யாராக இருப்பார்? கறையே இல்லாதவரா, ஏற்கெனவே கறை பட்டவரா? கறை பட்டவர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் நம்புவாரில்லை. பழைய பொய்யையே சாட்சியாக ஏற்கும் சமூகம், ஒருமுறை தவறியவர்களை யார் வேண்டுமானாலும் எளிதில் வீழ்த்தக்கூடியவர்களாக்கி விடுகிறது. ஷ்வாட்சருக்கு அப்படி நடந்தது என்று இதனால் நிரூபணமாவதில்லை. போல்ட்சானோ நீதிமன்றமும் யாரையும் குற்றவாளி என்று சுட்டவில்லை. அப்படி நடந்திருந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லாதபடி மனதை மூடிவைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. ஏமாற்றியவர்கள் எல்லோரும் ‘யாரோ கலந்துவிட்டார்கள்’ என்றுதான் சொல்வார்கள். அந்த வாதத்துக்குக் காது கொடுத்தால் பணமும் வழக்கறிஞரும் உள்ளவர்கள் எல்லாரும் தப்பிவிடுவார்கள் என்பார்கள். நியாயமான அச்சம். ஆனால் காது கொடுப்பது வேறு, விடுதலை செய்வது வேறு. வாதம் பொய்யானால் திறந்த சோதனையே அதை உடைத்துவிடும். ரகசியம்தான் பொய்யனுக்கும் மெய்யனுக்கும் ஒரே மாதிரி இடம் தருகிறது. மூடிய குப்பியால் டாலன்டுக்கும் நன்மை இல்லை. ரோமில் அவர் பெற்ற தங்கம் ஐயமின்றி அவருடையது என்று நிலைக்கவேண்டுமானால், அந்தத் தீர்ப்பு எல்லாக் கேள்விக்கும் நின்று பதில் சொல்வதாக இருக்கவேண்டும்.

ஷ்வாட்சர் 2012இல் செய்தது மோசடி. அதற்கான விலையை அவர் கொடுத்தார். அவருக்காகக் கோஸ்ட்னரும் கொடுத்தார். அவருடைய சொல்லை அப்படியே நம்பவேண்டிய கடமை யாருக்கும் இல்லை. நம்பும்படி கேட்கும் உரிமையை அவரே இழந்தார். அவர் இழக்காத உரிமை ஒன்று உண்டு: தன் சொல்லை நம்பாவிட்டாலும், தன் குப்பியைச் சந்தேகமற ஆராயுங்கள் என்று கேட்பது. நம்பிக்கை என்பது சம்பாதிக்கவேண்டியது, தொலைக்கக்கூடியது. விசாரணை அப்படியல்ல, அது நல்லவருக்குத் தரும் பரிசும் அல்ல, கெட்டவரிடமிருந்து பறிக்கும் சலுகையும் அல்ல. யாருடைய பேச்சுக்கு மதிப்பில்லையோ, அவருடைய வழக்கில்தான் சான்றுக்கு அதிக மதிப்பு தரவேண்டியிருக்கிறது. முதல் குற்றத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிற எந்த அமைப்பும், நாணயத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே உண்மையைத் தேடும் வேலையைக் கைவிட்டதாகத்தான் அர்த்தம்.