வெளியில் வாங்கச் சொன்ன மருந்து

கொட்டாஞ்சேனையில் இருக்கும் உம்மாவை மாதமொருமுறை அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போவேன். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் காப்புறுதி கிடையாது. அங்கே விடியமுன் போய் நம்பர் எடுக்கவேண்டும். ஆனால் ஒரு சதமும் கேட்பதில்லை. 2022 நெருக்கடியின்போது ஒருநாள் மருந்துக்குப் பதிலாகத் துண்டுதான் தந்தார்கள், வெளியில் வாங்கும்படி.

நான் வசிக்கும் வெள்ளவத்தையில் பார்மசிகளுக்குப் பஞ்சமில்லை. விலை ஏறியிருந்தது, வாங்கிவிட்டேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற முதியவரோ துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்.

வசதியுள்ளவன் வரிசையை விட்டு விலகுவது ஏழைக்கு இடம்விடுவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். 'மருந்து ஏன் இல்லை?' என்று கேட்கக்கூடிய குரலும் அவனோடு வெளியேறிவிடுகிறதே! பேராசிரியர் சேனக்க பிபிலே தர்மத்தைப் பற்றியல்ல, விலையைப் பற்றியே யோசித்தார். வர்த்தகப் பெயருக்குக் கொட்டும் காசை மிச்சம்பிடித்து மருந்தை மலிவாகத் தருவிக்கத்தான் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. ஒசுசல கடைகள் அதனுடையவை.

அந்த முதியவருக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் வந்தது என் சதக்காவுக்கல்ல, தனக்குரிய மருந்துக்கு. இப்படி நியாயம் பேசிப் பேசியே என் பணப்பையை மூடிக்கொண்டேனோ? அந்த மாதத்தை அவர் எப்படிக் கழித்தாரோ, தெரியாது.