ரிப்போர்ட்டை எழுதியது யார்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் எழுதப்படும் இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கை எதைப் பிரித்தாலும், முதல் பக்கங்களில் போனஃபைடு சான்றிதழ் இருக்கும். ஒரே 'பேட்ச்'சைச் சேர்ந்த மூன்று நான்கு பேரின் பெயர்கள், பதிவு எண்கள், கைடின் கையெழுத்து, துறைத்தலைவரின் கையெழுத்து. இந்த வேலையை இவர்கள் செய்தார்கள் என்று அந்தத் தாள் சான்று சொல்கிறது. இவர்களில் யார் எதைச் செய்தார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கல்லூரிகளில் தகவல் தொழில்நுட்பம் படித்த பெண்கள் பலருக்கு அந்த விடுபட்ட வரி என்னவென்று தெரியும்.

இரண்டு பையன்களும் இரண்டு பெண்களும் உள்ள ஒரு பேட்சை எடுத்துக்கொள்வோம். தலைப்பு, நூலக மேலாண்மையோ மருத்துவமனை முன்பதிவோ, ஏதோ ஒன்று. முதல் நாளே வேலை பிரிந்துவிடுகிறது. "கோடிங் நாங்க பாத்துக்கறோம், நீங்க டாக்குமெண்டேஷன் பாருங்க." யாரும் யாரையும் அதட்டவில்லை. அதன்பிறகு நூலகரிடம் போய் என்ன தேவை என்று கேட்டு எழுதுவது, படங்கள் வரைவது, பிபிடி தயாரிப்பது, கைடு ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துக் கையெழுத்து வாங்குவது, ரிவ்யூவுக்கு முந்தைய நாள் எல்லோருக்கும் போன் போட்டு நினைவூட்டுவது, ஜெராக்ஸ் கடையில் நின்று பைண்டிங் செய்து வாங்குவது எல்லாம் அவர்கள் தலையில். வைவாவில் எக்ஸ்டெர்னல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கோடிங் யார் பண்ணது?"

'அவர்கள் விரும்பித்தானே எடுத்துக்கொண்டார்கள்?' என்பது உடனே வரும் பதில். அந்த விருப்பம் எங்கே விளைகிறது என்று பார்க்கலாம். மாலையில் கல்லூரிப் பேருந்து கிளம்பினால் அவளுடைய நாள் முடிந்தது. வீட்டில் வேறு வேலை காத்திருக்கிறது. விடுதி என்றால் பெண்கள் பக்கத்துக் கதவு முன்னதாகவே மூடிக்கொள்ளும். பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளை விடுதி மாணவிகள்மீது திணிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. ஆனால் கோடிங் நடப்பது ராத்திரியில். ராத்திரி யாருக்குச் சொந்தமோ, கோடிங்கும் அவருக்கே சொந்தமாகிவிடுகிறது.

2017இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் லிண்டா பாப்காக், லீசா வெஸ்டர்லுண்ட் முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு. இரண்டு நிமிடத்துக்குள் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால் மூவருக்கும் லாபம், ஆனால் அழுத்தியவருக்கு மற்ற இருவரைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகம் அழுத்தினார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலும் யாரோ ஒருவர் அழுத்தத்தான் செய்தார். பெண்கள் மட்டும் இருந்த குழுக்களுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் இல்லை. இதைப் பெண்ணின் சுபாவம் என்று எப்படிச் சொல்வது? அவள் அழுத்துவாள் என்று எல்லோரும், அவள் உட்பட, காத்திருக்கும் பழக்கம் அது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. தகவல் அமைப்பு என்றால் என்ன என்று இந்தத் துறையின் பாடப்புத்தகமே முதல் பாடத்தில் சொல்லிவிடுகிறது: வன்பொருள், மென்பொருள், தரவு, நடைமுறைகள், மனிதர்கள். பயனாளரின் தேவையைக் கண்டறிவதும் ஆவணப்படுத்துவதும் சோதிப்பதும் அந்த வேலையின் கட்டங்கள் என்று தேர்வில் பத்தி பத்தியாக எழுத வைக்கிறார்கள். நூலகரிடம் பேசியவள் செய்தது அதைத்தான். எழுத்துத் தேர்வில் மதிப்பெண் பெறும் அதே வேலை, ஒரு பெண் செய்து காட்டும்போது 'சும்மா ரிப்போர்ட்' ஆகிவிடுகிறது.

நால்வருக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் வருகிறதே, பிறகு என்ன குறை? பங்கீடு பற்றி இந்த வட்டாரத்திலேயே ஒரு பழைய விவாதம் உண்டு. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. செல்வம் நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்பதோடு அந்தத் தீர்மானம் நிற்கவில்லை. முக்கிய உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நம் பேட்சுக்கும் இது பொருந்தும். மதிப்பெண் என்பது விளைச்சல். தவறு செய்து, திருத்தி, மறுபடி எழுதிக் கைவந்த நிரல்திறன்தான் நிலம். பெண்ணுக்கு விளைச்சலில் பங்கு கொடுத்துவிட்டு நிலத்தை வைத்துக்கொள்வது நமக்குப் புதிய ஏற்பாடல்ல. வேலைக்கான நேர்காணலில் "ப்ராஜெக்ட்ல நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்கும்போதுதான் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியவரும்.

அப்படியானால் எதைக் கேட்பது? ரிப்போர்ட் வேலைக்கு மரியாதை கேட்பதா, அதிலிருந்து விடுதலை கேட்பதா? மரியாதை மட்டும் கேட்டால், தாய்மையைப் போற்றியே அடுப்படியில் நிறுத்தியதுபோல, பாராட்டியே அவளை அங்கே நிறுத்திவிடுவார்கள். விடுதலை மட்டும் கேட்டால், அது கீழான வேலைதான் என்று நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்த பேட்சில் அது வேறொரு பெண்ணின் தலையில் விழும். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு வழி, சுழற்சி. ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் பொறுப்புகள் மாறட்டும். நூலகரிடம் போய் நின்று கேட்கவும் எல்லோருக்கும் நினைவூட்டவும் பையன்களும் கற்றுக்கொள்ளட்டும். யார் எத்தனை வரி நிரல் எழுதினார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நியாயம் ஆகாது. அந்தக் கணக்கில் போன் போட்டு நினைவூட்டியவள் பூஜ்யம்.

பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. போனஃபைடு சான்றிதழுக்கு அடுத்து இன்னொரு தாள் சேர்த்தால் போதும்: யார், எதை, எப்போது செய்தார்கள் என்று நால்வரும் எழுதி, நால்வரும் கையெழுத்திட்ட தாள். அதை எழுத உட்காரும்போதே சண்டை வரும். வரட்டும். முதல் நாளே வந்திருக்க வேண்டிய சண்டை அது.