கட்டற்ற மென்பொருளும் வசதியும்: கேரளப் பள்ளிக்கல்வியை முன்வைத்து ஓர் அறநோக்கு

கொள்கையும் வசதியும் முரணும் இடத்துக் கொள்கையே வெல்லுதல் வேண்டும் எனக் கூறுதல் எளிது. அக்கொள்கையின் விலையைச் செலுத்துவோர் யார் என வினவும்போதே சிக்கல் தொடங்குகிறது. கேரளப் பள்ளிகளின் கணினிக்கல்வி இவ்வினாவை ஆராய்தற்கு உரிய களமாகும்.

கேரள அரசு 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தை 2001-இல் தொடங்கியது. அதே ஆண்டில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில் திருவனந்தபுரத்தில் தொடக்கம் பெற்றது. முதலில் விண்டோசைச் சார்ந்திருந்த பள்ளிகள் அப்பத்தாண்டு முடிவதற்குள் குனூ/லினக்ஸ் இயக்குதளத்திற்கு மாறின. 2017-இல் இத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2019-இல் புதிய பதிப்பு வெளியானபோது, உரிமக் கட்டணத்தில் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமாவதாக மதிப்பிடப்பட்டது.

இம்மிச்சம் பெரிதே; ஆயினும் அது அறக்காரணம் ஆகாது. செலவுக் குறைவும் வசதியின்பாற்பட்டதே. ஒரு நிறுவனம் தன் மென்பொருளை விலையின்றி வழங்க முன்வருமாயின் அக்காரணம் அன்றே வலுவிழக்கும். ஸ்டால்மன் வலியுறுத்துவது விலையின்மையை அன்று. இயக்கவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் பயனருக்குள்ள உரிமையையே ஆகும்.

அட்டப்பாடியின் அகளிப் பகுதியில் இவ்வேறுபாடு தெளிவுறும். இருளர், முடுகர், குறும்பர் வாழும் இப்பகுதியில் இருளர் பேச்சு தமிழோடு நெருங்கியது. பள்ளி மொழியோ பெரிதும் மலையாளம். தனி எழுத்து வழக்கற்ற, சிறு தொகையினர் பேசும் மொழிக்கு எந்த வணிக நிறுவனமும் சந்தை காணப் போவதில்லை. கட்டற்ற மென்பொருளில் அம்மொழிக்கான சொல்லடைவையோ பட்டிகளையோ எவரிடமும் இசைவு வேண்டாமலே அமைக்கலாம். எனினும் உரிமை வேறு, ஆற்றல் வேறு. நிரலைத் திருத்தவல்ல ஒருவரேனும் அவ்வூரில் உருவாகாதவரை அவ்வுரிமை ஏட்டளவினதே. மேலும், ஆனைகட்டி வழியே கோவைக்கு வேலை தேடிச் செல்லும் மாணவர் அங்குப் பெரும்பாலும் விண்டோசையே எதிர்கொள்வர். கொள்கை வகுத்தோர்க்கு இவ்விடர் இல்லை. ஒன்றில் கற்ற திறன் மற்றொன்றிற்கும் உதவும் என்னும் விடை உண்மையே. ஆனால் வேலை தருவோர் மென்பொருளின் பெயர் சுட்டியே தகுதி கேட்கின்றனர்.

தமிழ்த்துறைகள் இம்மாணவரைக் காட்டிலும் நல்ல நிலையில் இருந்தன எனல் இயலாது. வெவ்வேறு எழுத்துரு முறைகளில் தட்டச்சிடப்பெற்ற ஆய்வேடுகள் பல, அவ்வெழுத்துருக்கள் இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியீட்டு முறையையும் 2010-இல் தரமாக அறிவித்தபின்னரும் பழைய பழக்கம் உடனே மறையவில்லை. அன்றைய வசதியின் கடனைப் பின்வந்த ஆய்வாளர் தீர்க்க நேர்ந்தது.

பெருந்தொற்றுக் காலம் கேரளக் கொள்கையையும் சோதித்தது. அதே 'கைட்' நிறுவனம் 2021-இல் இணையவகுப்புகளுக்குக் கூகுள் நிறுவனத்தின் கல்வித் தளத்தைக் கைக்கொண்டது. இதனைக் கொள்கைத் துரோகம் என்பது கடுமையாகும். வகுப்பின்றி மாணவரை நிறுத்துதலும் அறமன்று. திருக்குறளில் 'இரவு' அதிகாரத்தை அடுத்தே 'இரவச்சம்' நிற்றல் இங்கு நினையத்தக்கது. வறுமையில் கேட்டல் ஏற்கப்படுகிறது. அதுவே இயல்பாகிவிடுதல் அஞ்சப்படுகிறது. ஆகவே, அத்தளத்தை ஏற்றதா பிழை என்பதினும், பாடங்களையும் மாணவர் தரவையும் வேண்டும்போது முழுமையாக மீட்டுக்கொண்டு வெளியேறும் வழி தொடக்கத்திலேயே உறுதிசெய்யப்பெற்றதா என்பதே கேட்கத்தக்க வினா. அகளி மாணவர்க்காக அதனைக் கேட்க வேண்டியோர், கொள்கையை வகுத்தவர்களே.