மழை நீரின் ஹக்கு



ஐப்பசி பிறந்து வானம் இருட்டிவிட்டால் நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சுக் கேட்கும். "யா அல்லாஹ்! இந்த வருஷமாவது கிணறு நிறையட்டும்" என்பது ஒன்று. "இந்தத் தடவையும் சாக்கடை வீட்டுக்குள் வந்துவிடுமோ?" என்பது மற்றொன்று. மழையும் ஒன்றுதான், வீட்டாரும் ஒரே வீட்டார்தான். ரஹ்மத்தாக இறங்கும் தண்ணீர் நம் தெருவைத் தொட்டதும் முஸீபத்தாக மாறிவிடுகிறதே, அது எதனால்?

வானத்திலிருந்து தண்ணீரை அளவோடு இறக்கி அதைப் பூமியில் தங்கவைப்பதாகவும், அதைப் போக்கிவிடவும் தான் ஆற்றலுடையவன் என்றும் அல்லாஹ் அல்முஃமினூன் சூராவின் 18-ஆம் வசனத்தில் எச்சரிக்கின்றான். இறக்குவது மட்டுமல்ல, பூமியில் தங்கவைப்பதும் அவனுடைய நிஃமத்தே என்பதைக் கவனியுங்கள். அவன் தங்கவைக்க ஏற்படுத்திய மண்ணைத்தான் நாம் சிமெண்டு போட்டு மூடிக்கொண்டிருக்கிறோம்.

சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மதீனா முனவ்வராவில் பெய்வது இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருந்தும் 2015 டிசம்பரில் அந்த நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றிப்போய், ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. பின்னர் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடியும் வெள்ளம். பெய்யும்போது மூழ்குகிறோம், பெய்யாதபோது குடத்தோடு அலைகிறோம். மழை குறைவு என்று சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை.

இனி மதீனாவுக்குப் போவோம். அந்த நகரத்தைச் சுற்றி ஹர்ரா எனப்படும் கறுங்கல் நிலம் உண்டு. பழைய எரிமலைக் குழம்பு இறுகிய பாறை அது. அதில் விழும் மழை உள்ளே இறங்காது. ஓடைகளாகத் திரண்டு பேரீச்சந் தோட்டங்களுக்குப் பாயும். அப்படியோர் ஓடைத் தண்ணீர் விஷயத்தில் ஹஸ்ரத் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரிக்கும் வழக்கு வந்தது. ஸுபைருடைய தோட்டம் மேலே, அன்ஸாரியுடையது கீழே. உமது தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு அண்டை வீட்டாருக்குத் திறந்துவிடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் இணக்கமாகச் சொன்னார்கள். அன்ஸாரி கோபப்பட்டு, அவர் உங்கள் மாமி மகன் என்பதால்தானே இப்படி என்று சொல்லிவிட்டார். பெருமானாரின் முகம் மாறிற்று. அதன் பிறகு, வரப்பின் அடிவரை தண்ணீர் எட்டும்வரை தேக்கிவைத்து, பிறகு விடும்படி ஸுபைருக்கு உள்ள முழு உரிமையையும் தீர்ப்பாக வழங்கினார்கள். அந்த அளவு கணுக்கால் உயரம் என்று மக்கள் கணித்துக்கொண்டார்கள். ஸஹீஹுல் புகாரீயில் காணப்படும் சம்பவம் இது.

ஆலிம்கள் இந்த ஹதீஸைப் பாசனச் சட்டமாகவே விளக்கி வந்திருக்கிறார்கள். ஆனால் வழக்கு எந்தத் தண்ணீரைப் பற்றியது? கல்லில் விழுந்து உறிஞ்சப்படாமல் ஓடிவந்த மழைத் தண்ணீரைப் பற்றியது! நம்முடைய தார் ரோடும், மொட்டை மாடியும், சிமெண்டு முற்றமும் வேறென்ன? நாமே பணம் கொடுத்துக் கட்டிக்கொண்ட ஹர்ரா. தீர்ப்பில் இரண்டு கடமைகள் அடங்கியிருக்கின்றன. உன் நிலம் கொள்ளும் அளவுக்குத் தேக்கு; அதற்குமேல் தடுக்காதே, அடுத்தவனுக்கு விடு. நாமோ இரண்டையும் தலைகீழாகச் செய்கிறோம். மாடித் தண்ணீரில் ஒரு சொட்டும் தேக்காமல் குழாய் வைத்துத் தெருவில் தள்ளுகிறோம். பிறகு நம் வாசலை இரண்டு அடி உயர்த்திக்கொண்டு, அந்தத் தண்ணீரைத் தாழ்வான வீட்டிலிருக்கும் ஏழையின் அடுப்படிக்கு அனுப்பிவைக்கிறோம். தீங்கு செய்வதுமில்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதுமில்லை என்ற நபிமொழி இந்த வாசற்படிக்கும் பொருந்தும்.

ஏரியையும் சதுப்பு நிலத்தையும் தூர்த்துப் போட்ட மனையை மலிவாக வாங்கி, அதில் வீடு கட்டி, 'பைத்துர் ரஹ்மத்' என்று பெயரும் பொறித்துவிடுகிறோம். ரஹ்மத் தன் பழைய வீட்டைத் தேடி வரும்போது அலறுகிறோம்.

ஓடும் தண்ணீரின் சுத்தம் இன்னொரு விஷயம். தேங்கிய தண்ணீரில் சிறுநீர் கழிப்பதை நாயகம் (ஸல்) தடுத்தார்கள். நீர்த்துறையிலும், பாதையிலும், நிழலிலும் மலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என்றார்கள். ஒரு மனிதன் தனியாகச் செய்யும் காரியத்துக்கே இவ்வளவு கடுமை! மழைத் தண்ணீர் போவதற்கென்று போட்ட கால்வாயில் இரவோடு இரவாகக் கக்கூஸ் குழாயை இணைத்துவிடுகிறவர்களுக்கு என்ன சொல்வது? கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் சாக்கடையானதில் இந்தத் திருட்டு இணைப்புகளுக்கும் பங்குண்டு. நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்று நஜீஸால் மாறினால் அது எவ்வளவு அதிகத் தண்ணீராயினும் ஒளுவுக்கு ஆகாது என்று மதரஸாவில் முதல் பாடமாகப் படித்தவர்கள் நாம். கூவத்தில் மூன்றுமே மாறிவிட்டன.

"இதெல்லாம் கார்ப்பரேஷன் வேலை" என்பார்கள். கால்வாயைத் தூர்வாருவதும், ஏரிக்கரையைக் காப்பதும் அவர்கள் பொறுப்பே; செய்யாவிட்டால் கேட்க வேண்டியதுதான். ஆனால் 2003-இல் தமிழ்நாட்டு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதே, அப்போது நாம் என்ன செய்தோம்? பலர் மனமுவந்து செய்தார்கள். கிணறுகளில் நீர் ஏறவும் கண்டார்கள். இன்னும் பலர் அதிகாரிக்குக் காட்ட ஒரு குழி தோண்டி, அவர் போனதும் மறந்துவிட்டார்கள். பிறர் பார்க்கத் தொழுவதை ரியா என்கிறோமே, இந்தக் குழிக்கு என்ன பெயர்?

கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில்தானே ஓட்டை போடுகிறோம் என்று நினைத்த உவமையைப் பெருமானார் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவர் என்பது அதன் பொருள்.

கணக்கும் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,360 லிட்டர். நூற்றைம்பது குடத்துக்கு மேல்! முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். தூசியும் பறவை எச்சமும் அதோடு போகும். பிறகு வருவதைக் கூழாங்கல்லும் மணலும் இட்ட தொட்டி வழியாக வடிகட்டிக் கிணற்றுக்கோ, தரைத் தொட்டிக்கோ அனுப்புங்கள். உறிஞ்சு குழியைக் கக்கூஸ் தொட்டிக்குப் பக்கத்தில் வெட்ட வேண்டாம். எண்ணெய் படிந்த ரோட்டுத் தண்ணீரைக் குடிநீர்க் கிணற்றில் ஒருபோதும் விடாதீர்கள். தாய்மார்களே, ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன் அந்த மணலை அலசி மாற்றச் சொல்லி வீட்டு ஆண்களை நச்சரிப்பது உங்கள் பொறுப்பு. நீங்கள் சொன்னால்தான் நடக்கும்.

முத்தவல்லிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலேயே பெரிய மாடி பெரும்பாலும் பள்ளிவாசலுடையது. அதன் தண்ணீர் எங்கே போகிறது? நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு, அதாவது இரு கையும் சேர்த்து அள்ளும் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். நாம் குழாயைத் திறந்துவிட்டு மிஸ்வாக் தேடுகிறோம். வழிந்த தண்ணீர் சாக்கடையில் கலக்கிறது. ஒளுத் தண்ணீரைத் தோட்டத்துக்கும் தென்னைக்கும் திருப்பலாம். மாடித் தண்ணீரை ஹவ்ளுக்கு இறக்கலாம். பழைய பள்ளிகளில் அகலமான ஹவ்ளு கட்டியவர்கள் அறியாமலா கட்டினார்கள்? அதைத் தூர்த்துக் குழாய் வரிசை வைத்த மஹல்லாக்கள் அங்கேயே ஓர் உறிஞ்சு குழியாவது வெட்டட்டும்.

செலவுக்கு ஜகாத் பணத்தில் கை வைக்க வேண்டாம், அதற்குரியவர்கள் வேறு. மஹல்லா சந்தாவிலும், ஸதக்கத்துல் ஜாரியாவாகக் கொடுப்போரிடமும் வாங்குங்கள். மையித்தின் பெயரால் மின்விசிறி வாங்கித் தருகிறவர்களிடம், அடுத்த தடவை ஒரு கிணற்றைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். வேலை மட்டும் புரட்டாசிக்குள் முடிந்துவிட வேண்டும்.